கைவசம் ஒரு குழாய்

காந்திமதி ஒரு கையைத்தான் தூக்குவாள். முனிர்கா மெட்ரோ நிலையத்தில் பெண்களைச் சோதிக்கும் தடுப்புக்குள் மற்றவர்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேடையில் ஏறி நிற்க, இவள் வலக்கையை மட்டும் உயர்த்திவிட்டு இடக்கையால் விலாப் பக்கத்தைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அந்த இடத்தில் குர்த்தாவுக்கு உள்பக்கமாக அவளே தைத்துக்கொண்ட பை ஒன்று இருக்கிறது. பைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் வாயில் மெல்லிய துணி கட்டி, உள்ளே ஒரு கோடு தேன் தடவியிருப்பாள். அந்தத் தேனை நக்கியபடி உயிரோடு சில குளவிகள் இருக்கும்.

"தூஸ்ரா ஹாத் பீ, மேடம்ஜி" என்பாள் சோதனை செய்யும் பெண் காவலர். இன்னொரு கையையும் தூக்கச் சொல்கிறாள். "பச்சே ஹைன், பஹன்" என்பாள் காந்திமதி. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களாம், அதனால் கையை எடுக்க முடியாதாம். முதல் தடவை இந்தப் பதிலைக் கேட்டபோது விஷயம் பெரிய அதிகாரி வரை போனது. அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், கீரை விதையைவிடச் சின்னதாக ஏதோ நகர்வதைக் கண்டதும் அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. காவலர் பெண் கருவியை அந்த இடத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு "சலோ" என்று அனுப்பிவிடுவாள். ஆனால் இன்னொரு கையைக் கேட்பதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

காந்திமதிக்கு வேலை, பூச்சிகளுக்குப் பூச்சி பார்த்துக் கொடுப்பது. செடியைத் தின்கிற பூச்சியை எந்தப் பூச்சி தின்னும் என்று தேர்ந்தெடுத்து, வளர்த்து, கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். குர்காவ் பக்கம் பிளாஸ்டிக் கூடாரம் போட்ட பாலிஹவுஸில் குடைமிளகாய் போடுகிறவர்கள், மொட்டை மாடியில் தக்காளி வளர்க்கிறவர்கள், நர்சரிக்காரர்கள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள். பாளையங்கோட்டைக்காரி. படித்து முடித்து டில்லிக்கு வந்து ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். திட்டம் முடிந்ததும் உடன் இருந்தவர்கள் வேறு திட்டம் தேடிப் போனார்கள். இவள் பூச்சி பார்க்கிற லென்ஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக வெளியே வந்துவிட்டாள். அந்த லென்ஸ் இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. பல பேர் அதைத் தாலி என்று நினைத்துக்கொள்வதால் அவளுக்கு ஊர்க் கேள்விகள் பாதி குறைந்துவிட்டன.

முனிர்கா சந்துக்குள் நான்காவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அவள் இருக்கிறாள், மற்றதில் பூச்சிகள். மாவுப்பூச்சியைத் தின்னும் பூச்சிகளை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். மாவுப்பூச்சி பறங்கிக்காயின் மேல் நன்றாகப் பிடிக்கும். ஆகவே அந்த அறையில் மரப் பலகைகள் நெடுகப் பறங்கிக்காய்கள் வெள்ளைப் பஞ்சு போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கீழே காய்கறி வண்டிக்காரர் அவள் தலையைக் கண்டாலே பறங்கிக்காயைத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார். மதராசிகள் சாம்பார் இல்லாமல் இருக்க மாட்டார்கள் என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஒரே பெண்பிள்ளை இத்தனை சாம்பார் குடிப்பாளா என்று அவரும் யோசித்ததில்லை, இவளும் எடுத்துச் சொன்னதில்லை.

எடுத்துச் சொல்லாதது அவளுடைய குணம். பூச்சிகளோடு நாளெல்லாம் பேசுவாள், மனிதர்களிடம் வந்தால் வார்த்தைக்குப் பஞ்சம். "வேண்டாம்", "இருங்க", "பாக்கேன்" என்ற மூன்று சொற்களில் பாதிக் குடித்தனம் ஓடிவிடும். இந்தக் குணம் ஒருநாள் அவளை நன்றாகவே மாட்டிவிட்டது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் அவள் ஆள் எடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அதை அவள் கற்றுக்கொண்டது எந்த ஆய்வகத்திலும் இல்லை, வீட்டுக்கார அம்மா பிம்லாவிடம் என்பது என் சந்தேகம். முனிர்காவில் அறை தேடியவர்களுக்குத் தெரியும். பிம்லா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்பாள். எத்தனை பேர், என்ன சாப்பிடுவீர்கள், யார் யார் வந்து போவார்கள், கப் காலி கரோகே. எப்போது காலி செய்வீர்கள் என்பதுதான் கடைசிக் கேள்வி. அதற்குத் தடுமாறினால் அறை கிடையாது. காந்திமதியும் பூச்சிகளிடம் இதையேதான் கேட்கிறாள். என்ன தின்பாய்? அடுத்தவன் வீட்டுச் சோற்றில் கை வைப்பாயா? எத்தனை பிள்ளைகள்? டில்லியின் ஜூன் மாதத்தைத் தாங்குவாயா? சாப்பாடு குறைந்தால் இருப்பாயா, ஓடிவிடுவாயா?

கேட்கிற முறைதான் வேறு. முதலில் எல்லாரையும் பட்டினி போடுவாள். அவர்கள் டப்பாக்களில் பட்டினி கிடக்க, எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இவள் தோசை தின்பாள். பிறகு இலையில் கொஞ்சம் மாவுப்பூச்சியும், தொடக் கூடாத பண்டங்களாக ஒரு தேனீப் புழுவும் எலுமிச்சை இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையும் வைப்பாள். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு எதையும் விடாது, கடைசியில் கூடப் பிறந்ததையும் தின்றுவிடும். "இவன் வாயக் கட்ட முடியாது" என்று ஒதுக்குவாள். பொறிவண்டு நல்ல ஆள், மாவுப்பூச்சியைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காது, அசுரத் தீனி தின்னும். ஆனால் இலையில் தீனி குறைந்ததும் மூடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடியைப் பார்த்து உட்கார்ந்தவன் கிளம்பப் போகிறவன் என்பது அவள் கணக்கு. அவனை அனுப்ப வேண்டிய இடம் வேறு, தீனி குறையாத பாலிஹவுஸ்.

மூன்றாவது ஆள்தான் அந்தக் குளவி. கறுப்பாக ஒரு புள்ளி. கொட்டாது, வீட்டுக்குள் கூடு கட்டாது, கண்ணிலும் படாது. அது மாவுப்பூச்சியைத் தின்பதில்லை, அதன் உடம்புக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போகும். முட்டை பொரிந்து புழுவாகி உள்ளிருந்தே அந்தப் பூச்சியைத் தின்று தீர்க்கும். வெள்ளையாக இருந்த மாவுப்பூச்சி பழுப்பாகி, இறுகி, தோல் மட்டும் மிஞ்சி, மிளகுத் தூளைப் போல இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தப் பழுப்புக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். தீனி எவ்வளவு குறைந்தாலும் கடைசி மாவுப்பூச்சி எந்த இடுக்கில் இருக்கிறதென்று தேடிக்கொண்டே இருக்கும். காந்திமதியின் மனத்துக்குப் பிடித்த ஆள் இதுதான்.

பிடித்ததோடு விடவில்லை. பொறிவண்டுகளுக்கு அறையில் கூலர் உண்டு, குளவிகளுக்குக் கிடையாது. வெயில் மாதங்களில் அவற்றை மாடிப்படித் தகரத்தடியில் வைத்துவிடுவாள். செத்தது போக மிஞ்சியவற்றிலிருந்துதான் அடுத்த வம்சம். இப்படிக் கோடை மேல் கோடையாக வடிகட்டி எடுத்த வம்சம் அது. ஒருமுறை பிம்லா கரப்பானுக்கென்று படியெல்லாம் மருந்தடிக்க, அறையிலிருந்தவை மொத்தமும் போய்விட்டன. யாருக்கோ கொடுத்திருந்த ஒரு குழாயைக் கெஞ்சித் திருப்பி வாங்கி மறுபடி தொடங்கினாள். அன்றைக்குத் தைத்ததுதான் குர்த்தாவின் உள்பை. எந்த இடத்துக்கு எத்தனை குழாய் கொண்டுபோனாலும், விலாப் பக்கத்துக் குழாய் மட்டும் வெளியே வராது.

ஆகஸ்ட் நடுவில் வேலு அவளைத் தேடி வந்தார். கள்ளக்குறிச்சிக்காரர். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர். கேம்ப்பை இடித்தபின் நரேலாவில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து டில்லியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பஸ் மாறி மாறி வசந்த் குஞ்சுக்கு வருகிறார். அங்கே ஒரு குடியிருப்பில் அவர் தோட்டக்காரர், மனைவி முத்துமாரி அதே குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறாள். கேம்ப் வாசலில் வைத்திருந்த தொட்டிச் செடிகளை, அழிந்துபோகட்டும் என்று விட மனமில்லாமல், குடியிருப்பின் பம்பு அறைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். அதில் செம்பருத்தித் தொட்டி ஒன்றோடு மாவுப்பூச்சியும் குடிவந்தது. தொட்டியிலிருந்து கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய செம்பருத்தி வேலிக்குத் தாவிவிட்டது.

"கார் மேலல்லாம் பிசுபிசுன்னு ஊத்துதாம் மேடம். நவராத்திரிக்குள்ள இது போவலன்னா மருந்தடிக்கற கம்பெனியக் கூப்புடப் போறாங்க. அந்தக் கம்பெனி வந்தா தோட்டக்காரனையும் அதுவே கொண்டாந்துடுமாம். என்னிய அனுப்பிடுவாங்க. முத்துமாரி மட்டும் தனியா அவ்ளோ தூரம் எப்படி வந்து போவும்? ரெண்டு பேருக்குமே போச்சு."

"பாக்கேன்" என்றாள் காந்திமதி.

பார்த்தாள். வேலி முழுக்கக் கிளை நுனியெல்லாம் வெள்ளை. எறும்புகள் தண்டில் ஏறி இறங்கிக் காவல் காத்துக்கொண்டிருந்தன. மாவுப்பூச்சி விடுகிற தேன்நீரைக் குடிக்கிற எறும்புகள் அதை யாரும் தொட விடாது. தண்டுகளின் அடியில் கிரீஸ் தடவிய துணிப் பட்டையைக் கட்டச் சொன்னாள். நுனிக் கிளைகளை ஒடித்து அறைக்குக் கொண்டுவந்து டப்பாக்களில் போட்டு, பட்டினி கிடந்தவர்களை ஒவ்வொருவராக விட்டுப் பார்த்தாள். கடைசியில் குளவிக் குழாய்களோடு போய் நின்றபோது வேலுவின் முகம் விழுந்துவிட்டது.

"இதுவா மேடம்? அந்தச் செவப்பு வண்டு இருக்குமே, அத விடுங்க. ஜனங்க பாத்தா ஏதோ வேல நடக்குதுன்னு தெரியும். இது கொசு மாதிரி இருக்குது."

"வண்டு பாக்க நல்லா இருக்கும் அண்ணாச்சி. பாதி தின்னுட்டு எந்திரிச்சுப் போயிரும். மிச்சப் பாதி அடுத்த மாசம் திரும்ப வேலி முழுக்க நிக்கும். நமக்குக் கடைசிவரைக்கும் இருக்கப்பட்டவ வேணும்."

"எப்பத் தெரியும்?"

"இருங்க. மருந்து அடிக்காதிய. தண்ணியப் பீச்சி அடிக்காதிய. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள் பாருங்கள், அங்கேதான் தவறு. பழுப்புக் கூடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருஷமாக லென்ஸில் அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை அவள் வேலிக்குப் போனபோது முத்துமாரி ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத் துணி, காலடியில் வாளி. ஒவ்வொரு இலையாகப் பிடித்து அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலியின் முன்பக்கம் முழுக்கப் பளபளவென்று இருந்தது. எட்டாத உச்சிக் கிளைகளில் மட்டும் பழுப்புப் பொட்டுகள் மிச்சமிருந்தன.

"அக்கா, உன் பூச்சி வெள்ளையெல்லாம் எடுத்துடுச்சு" என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக. "செத்தது மட்டும் அப்படியே ஒட்டிக்கினு அசிங்கமா இருந்துது. நாளைக்குச் செக்ரட்டரி அம்மா பாக்க வருதுல்ல. அதான் ரெண்டு நாளா தொடச்சுக்கினு இருக்கேன்."

காந்திமதி வாளியைப் பார்த்தாள். அடியில் சேறுபோல் கொஞ்சம் தண்ணீர். மற்ற வாளித் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். சாக்கடையில் ஊற்றியாயிற்று. இரண்டு நாள் போயிருந்தால் அந்தக் கூடுகளிலிருந்து புதுக் குளவிகள் வெளியே வந்து வேலி முழுதும் பரவியிருக்கும். அத்தனையும் முத்துமாரியின் உழைப்பில் சாக்கடைக்குப் போய்விட்டன. பம்பு அறைப் பக்கமிருந்து ஓடிவந்த வேலு, காந்திமதியின் முகத்தைப் பார்த்து, துணியைப் பார்த்து, ஏதோ நடந்துவிட்டதென்று புரிந்துகொண்டார்.

"ஏ, என்னாடி பண்ணித் தொலச்ச?"

"அவளை ஒண்ணும் சொல்லாதிய அண்ணாச்சி" என்றாள் காந்திமதி. "செத்ததுன்னு நெனச்சா. அதுக்குள்ள உசிரு இருக்குன்னு நான்லா சொல்லியிருக்கணும். வாயிருந்தும் சொல்லல."

முத்துமாரியின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கினாள். பழைய பருத்திச் சேலைத் துண்டு. அதை வேலியின் மேல் விரித்து லென்ஸால் நூல் நூலாகப் பார்த்தாள். நெசவில் சிக்கிக்கொண்ட கூடுகள் கொஞ்சம் இருந்தன, பாதி நசுங்கியவை. நல்லதாகத் தெரிந்த சிலவற்றைப் பிரஷ்ஷால் எடுத்து இலையிடுக்கில் வைத்தாள். அதுவும் உச்சியில் மிஞ்சியவையும் சேர்ந்தால்கூட எந்த மூலைக்குக் காணும் என்று அவளுக்கே தெரியும். முத்துமாரி விசும்பிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அறையில் இருந்த குளவிகளையெல்லாம் இந்த வேலிக்கென்று முன்னமே கொண்டுவந்து விட்டாயிற்று. பலகையில் மிச்சம் பொறிவண்டுகள்தான்.

கொஞ்ச நேரம் காந்திமதியின் இடக்கை விலாப் பக்கத்திலேயே இருந்தது. பிறகு குர்த்தாவுக்குள் கைவிட்டுக் குழாயை எடுத்தாள்.

"வேணாம் மேடம்" என்றார் வேலு. அந்தக் குழாய் எதற்காக என்பது அவருக்குத் தெரியும். "அது உங்க பொழப்பு. எனக்கு என்னா ஆவுதோ ஆவட்டும். நரேலா பக்கமே கூலி வேல பாத்துக்கறேன்."

அவள் குழாயின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். குழாயைச் சாய்த்து அடியில் விரலால் தட்டினாள். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமாக வாய்க்கு வந்து, கொஞ்சம் தயங்கி, இலைகளுக்குள் போயின. கடைசியாக ஒன்று தேனை விட்டு நகராமல் இருந்தது. அதையும் ஊதி அனுப்பிவிட்டு, காலிக் குழாயை மறுபடியும் அதே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். பெயர் வத்சலா. கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, தாமும் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனுஷி இல்லை. தினமும் யாராவது ஒருவர் தம் கார் கூரையைத் தொட்டுவிட்டு விரலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால் அவரும்தான் என்ன செய்வார்?

"முன்பக்கம் கிளீனா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பாருங்கோ, இந்த நுனியில திரும்ப ஒயிட்டா வரது. ஒரு மாசம் ஆச்சு, காந்திமதி. எனக்கு எல்லாருக்கும் ஆன்ஸர் பண்ணணுமில்லையா? உங்க பூச்சி எங்கே? ஒண்ணக்கூட நான் பார்க்கலை."

காந்திமதி கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றினாள். அதை அவள் யாருக்கும் கொடுத்து வேலுவும் பார்த்ததில்லை. ஒரு கிளையை மெதுவாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினாள். வத்சலா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு இன்னும் கிட்டக் குனிந்தார்.

கறுப்புப் புள்ளி ஒன்று இலையடியில் நடந்து வந்தது. ஒரு மாவுப்பூச்சியின் மேல் ஏறி, உணர்கொம்புகளால் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தது. இறங்கிவிட்டது. அடுத்ததன் மேல் ஏறித் தட்டியது, சுற்றி வந்தது, திரும்பி நின்று, அசையாமல் இருந்தது.

"முதல்ல இருந்ததை ஏன் விட்டுட்டுப் போறது?" என்று குனிந்தபடியே கேட்டார் வத்சலா.

"அதுல ஏற்கெனவே ஒருத்தி முட்டை வச்சிட்டுப் போயிட்டா. காலி இல்ல. இப்ப நிக்கால்லா, இந்த இடம் காலி."

வத்சலா சிரித்துவிட்டார். "எங்கப்பா குவார்ட்டர்ஸ் அலாட்மெண்டுக்கு இப்படித்தான் வீடு வீடா கதவைத் தட்டிண்டு அலைஞ்சார்" என்றார். நிமிரவில்லை. இன்னொரு கிளையைத் தாமே வளைத்துப் பார்த்தார். அந்தக் கருவிழியளவு வட்டத்துக்குள் அவர் இருக்க, காந்திமதி தன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சைப் பேசினாள். கூடு என்றால் என்ன, உள்ளே என்ன இருக்கும், அதைத் தெரியாமல் துடைத்தது எப்படி, தெரியாமல் போனதற்கு யார் காரணம், இனி எத்தனை வாரம் வேண்டும், எல்லாம் சொன்னாள். முத்துமாரியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. வேர்த்துவிட்டது அவளுக்கு.

"தீபாவளி வரைக்கும்" என்றார் வத்சலா, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "அதுக்கு மேலே என்னால சமாளிக்க முடியாது."

அன்று மாலை மெட்ரோ சோதனையில் காந்திமதி இரண்டு கையையும் தூக்கினாள். "தூஸ்ரா" என்று தொடங்கிய காவலர் பெண் வார்த்தையை முடிக்கவில்லை. "பச்சே?" என்றாள். "சலே கயே" என்றாள் காந்திமதி, போய்விட்டார்கள் என்று. அந்தப் பெண் கருவியை ஓட்டும்போது பழைய பழக்கத்தில் விலாப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டே போனாள்.

அந்த வாரங்களில் பிம்லாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. பறங்கிக்காய் வருவது குறைந்துவிட்டது, பலகைகள் பாதி காலியாக இருந்தன. கட்டிலில் உட்கார்ந்து, "காலி கர் ரஹீ ஹோ க்யா?" என்று நேரடியாகவே கேட்டாள், வீட்டை விடப் போகிறாயா என்று. இல்லை என்று சொன்ன பிறகும் நம்பாமல், மாடியேறி வந்து அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கரப்பான் மருந்தைப் பற்றி அவளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி எப்போதுமே உண்டு. ஒரு குடம் மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பாலிஹவுஸ்காரர் ஒருவர் குளிர்காலத்துக்குக் குளவி வேண்டுமென்று போன் செய்தார். "இருந்தா சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள் காந்திமதி. வசந்த் குஞ்சுக்கு அவள் போகவில்லை. போனால் கை சும்மா இருக்காது, இலையைத் திருப்பத் தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயமாக இருந்தது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு வேலுவின் போன். "மேடம், வாங்களேன்" என்றார். நல்லதா கெட்டதா என்று குரலில் தெரியவில்லை.

போனாள். வேலியில் செம்பருத்தி பூத்திருந்தது. கார்களின் கூரைகள் வெறும் டில்லித் தூசியோடு இருந்தன. அவள் ஓர் இலையைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். பழுப்புக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஓர் ஓட்டை. வெள்ளை அங்கங்கே ஒன்றிரண்டு தெரிந்தது, அதுவும் வேண்டியதுதான், இல்லாவிட்டால் குளவிகள் எதைத் தேடி இருக்கும்? வேலியின் மூலையில் குடியிருப்புப் பணிப்பெண் ஒருத்தி போகிறபோக்கில் ஓர் இலையைக் கிள்ளினாள். பம்பு அறையிலிருந்து முத்துமாரியின் குரல் வந்தது. "ஏய், ஹாத் மத் லகா. உள்ள ஆளு இருக்குது." கை வைக்காதே என்று பாதி இந்தி, மீதி தமிழ், கிள்ளியவளுக்கு எது புரிந்ததோ, கையை எடுத்துவிட்டாள்.

"செக்ரட்டரி அம்மா காலைல வந்து பாத்துட்டுச்சு" என்றார் வேலு. "கம்பெனிக்காரன வேணான்னு சொல்லிடுச்சு. அதுவே ஒரு லென்ஸ் வாங்கிடுச்சு மேடம். டெய்லி வாக்கிங் போறப்ப இங்க நின்னு பாக்குது."

காந்திமதி இன்னோர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லது" என்றாள்.

முத்துமாரி வந்தாள். கையில் ஹோமியோபதி மாத்திரைச் சீசா ஒன்று இருந்தது. மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, உள்ளே ஓட்டை விழாத கூடுகளாகப் பொறுக்கிப் போட்டிருந்தாள். வாயில் அந்தப் பழைய பருத்திச் சேலையிலிருந்து கிழித்த துண்டைக் கட்டி நூல் சுற்றியிருந்தாள். உள்பக்கம் ஒரு கோடு தேன்.

"எடுத்துக்க அக்கா. இன்னும் வேலி நெறைய கெடக்குது."

காந்திமதி சீசாவை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸால் பார்த்தாள். நேற்றோ இன்றோ வெளியே வந்த இரண்டு குளவிகள் தேனோரம் நின்றுகொண்டிருந்தன. பார்த்து முடிக்க அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று. லென்ஸை மறுபடி மறுபடி துப்பட்டாவில் துடைக்க வேண்டியிருந்தது.

வசந்த் குஞ்சிலிருந்து ஆட்டோவில் முனிர்காவுக்கு வந்தவள், வீட்டுக்குப் போகாமல் நிலையத்துக்குள் போனாள். குளிர்காலத்துக்குக் குளவி கேட்ட பாலிஹவுஸ்காரரை இன்றைக்கே நேரில் பார்த்து, ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். சோதனைத் தடுப்பில் வரிசை நீளமாக இருந்தது. இவள் முறை வந்தபோது அதே காவலர் பெண் கருவியோடு நிமிர்ந்தாள். காந்திமதி மேடையில் ஏறி நின்று, ஒரு கையை மட்டும் தூக்கினாள்.